இரவு நடையில் நாயின் மலத்தை எடுக்க: பழைய பேப்பரா, பையா, அள்ளியா?

சென்னையில் நாய் வளர்ப்பவர்களில் என்னைப் போன்ற பலர் கோடையில் வெளிச்சம் இருக்கும்போது நாயைக் கூட்டிப்போவதையே விட்டுவிட்டோம். மே மாதத்தில் மாலை ஆறு மணிக்கும் தார்ச்சாலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் சுடுகிறது. அதனால் இரவு ஒன்பதரை, பத்து மணி நடை என்று ஆரம்பித்து, அதுவே வருடம் முழுக்க வழக்கமாகிவிட்டது. அசோக் நகரில் எங்கள் ஜூலிக்கும் அதுதான் நேரம். அவள் தெருவிலிருந்து எங்களிடம் வந்த நாட்டு நாய், 17 கிலோ.

பகலில் எடுப்பதும் இரவில் எடுப்பதும் ஒன்றல்ல. இரவில் கண்ணுக்குத் தெரியாது. ஒரு கையில் கயிறு, இன்னொரு கையில் டார்ச் என்றால் எடுப்பதற்குக் கை இல்லை. எடுத்ததை வாங்கிக்கொள்ளக் குப்பை வண்டியும் விடியும்வரை வராது. பாலிதீன் உறை, 'மக்கும்' என்று அச்சிட்ட பை, நீளக் கைப்பிடி வைத்த அள்ளி, பழைய நாளிதழ் என நான்கையும் பயன்படுத்தியிருக்கிறேன். இப்போது பேப்பர்தான். மற்ற மூன்றையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் பேப்பருக்கு உரிய மதிப்பை யாரும் கொடுப்பதில்லை என்பது என் எண்ணம்.

எடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று. இரவு பத்து மணிக்கு ஒரு வீட்டு வாசலில் நாய் போட்டதை, காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட வரும் பெண் இருட்டில் மிதிக்கிறாள். மண்ணில் போனால் பரவாயில்லை என்பதும் சரியில்லை. கொக்கிப்புழுவின் முட்டை பொரிந்து தொற்றும் நிலைக்கு வரச் சில நாட்கள், உருண்டைப்புழுவின் முட்டை முதிரச் சில வாரங்கள் ஆகும். அதற்குப் பிறகு அந்த மண்ணில் வெறுங்காலோடு விளையாடும் குழந்தைக்குத்தான் ஆபத்து. புதிதாகக் கிடக்கும்போதே எடுத்துவிட்டால் அந்தச் சங்கிலி அங்கேயே அறுந்துவிடுகிறது. காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று விடுவதற்கும் உடனே எடுப்பதற்கும் அவ்வளவு வித்தியாசம் இருக்கிறது. ஒரு மழை வந்தால் எல்லாம் மழைநீர் வடிகாலுக்குள் போய், எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் அடையாற்றிலோ கூவத்திலோ கலக்கும்.

முதலில் அள்ளியைப் பார்த்துவிடலாம். குனிய வேண்டாம் என்பது அதன் பெரிய லாபம். முதுகுவலி, மூட்டுவலி உள்ளவர்கள் வேறு எதையும் யோசிக்காமல் அதையே வாங்கலாம். சொந்தத் தோட்டம், புல்தரை என்றால் இன்னும் நல்லது. இரவுத் தெருவில் எனக்கு ஒத்துவராமல் போனதற்குக் காரணங்கள் வேறு. தெருநாய்களின் கண்ணுக்கு அது ஒரு தடி. நம் கையில் அதைப் பார்த்ததுமே ஒன்று குரைக்க ஆரம்பிக்கும், அடுத்த தெருவரைக்கும் எல்லாம் சேர்ந்துகொள்ளும். வாய் திறந்து மூடும் 'டக்' சத்தத்துக்கு ஜூலியே இரண்டடி தள்ளி நிற்பாள். இதையெல்லாம்கூடப் பழக்கிவிடலாம். ஆனால் தினமும் அதைக் கழுவ வேண்டும். பற்களுக்கு இடையிலும் ஸ்பிரிங்கிலும் ஒட்டியதை இரவு பத்தரை மணிக்கு எங்கே வைத்துக் கழுவுவது? வாசல் குழாயில் கழுவினால் அந்தத் தண்ணீர் திரும்பவும் தெருவுக்குத்தான் போகிறது.

குனிவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர்த் தெருநாய்களுக்கு மனிதன் குனிந்தால் கல் எடுக்கிறான் என்றுதான் அர்த்தம். பையோ பேப்பரோ, எதற்காகக் குனிந்தாலும் சில நாய்கள் பின்வாங்கும், சில பாய்ந்து வரும். இதில் இந்த இரண்டுக்கும் தனி லாபம் இல்லை. எவ்வளவு சீக்கிரம் குனிந்து நிமிர்கிறோம் என்பதுதான் கணக்கு. அந்த வேகத்தைத் தீர்மானிப்பது வெளிச்சம்.

தெருவிளக்கு இருக்கிறதே என்று நினைக்கலாம். விளக்குக் கம்பத்துக்கு அடியில் போகும் நாயை நான் பார்த்ததில்லை. தூங்குமூஞ்சி மரமோ புங்கமரமோ விளக்கை மறைக்கும் இடம், காய்ந்த இலை குவிந்த ஓரம், நிறுத்திவைத்த காருக்குப் பின்னால், இப்படித்தான் தேடிப் போகும். பழுப்பு இலைக்கு நடுவில் பழுப்பு நிறத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பழைய மஞ்சள் சோடியம் விளக்கு இருக்கும் தெருவில் நிறமே பிரிந்து தெரியாது.

கைபேசி டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டும் அக்குளில் இடுக்கிக்கொண்டும் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைவிட நெற்றியில் கட்டும் விளக்கு எவ்வளவோ மேல், கை இரண்டும் மிஞ்சும். ஆனால் நெற்றி விளக்கின் ஒளி நம் பார்வை போகும் கோட்டிலேயே போகிறது. பொருளின் நிழல் பொருளுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும், தரை முழுக்கத் தட்டையாகத் தெரியும். அதே விளக்கைக் கழற்றி முழங்கால் உயரத்தில் சாய்வாகப் பிடித்தால் மேடாக இருப்பது எதுவானாலும் நீளமாக நிழல் போடும், உடனே கண்ணில் படும். தேடும்போது தாழப் பிடியுங்கள், எடுக்கும்போது நெற்றிக்கு ஏற்றுங்கள். எந்த முறையை வைத்திருந்தாலும் இது உதவும்.

பேப்பரில் இந்தத் தேடலே பெரும்பாலும் இல்லை. மலம் தரையில் விழுவதற்கு முன்பே பேப்பர் அடியில் போய்விடுகிறது. ஜூலி போகப் போகிறாள் என்பது முன்கூட்டியே தெரியும். மூக்கைத் தரையில் வைத்து வேகமாக மோப்பம் பிடிப்பாள், ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருவாள், அப்புறம் முதுகு வளையும். முதுகு வளையும் முன் பேப்பரை நீட்டினால் கோபித்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விடுவாள். வளைந்து, ஆரம்பித்த பிறகு பின்பக்கமாக நழுவவிட வேண்டும். அந்த நேரத்தில் பெரும்பாலான நாய்கள் பாதியில் நிறுத்துவதில்லை. தாளை வீட்டிலேயே ஒருமுறை கசக்கி, நீவி, மடித்து எடுத்துப்போனால் சலசலப்பு குறையும். நடுப்பக்கச் சாதாரணத் தாள்தான் நல்லது. வழவழப்பான விளம்பர இணைப்பிதழ் சத்தம் போடும், ஈரத்தையும் உறிஞ்சாது. தாள் விரித்த பிறகு காற்றடித்தால் ஓரத்தைச் செருப்பால் மிதித்துக்கொள்ளலாம். முடிந்ததும் நான்கு முனையையும் சேர்த்து, மளிகைக் கடைப் பொட்டலம் போல மடித்தால் ஆயிற்று. சாலையில் ஒட்டிய கறையும் இல்லை, துடைக்க வேண்டியதும் இல்லை. மூடி போட்ட பழைய டப்பா ஒன்று துணிப்பைக்குள் இருக்கும், பொட்டலம் அதற்குள் போய்விடும்.

இதுவரைக்கும் சொன்னதில் பாலிதீன் உறையோடு பேப்பர் ஏறத்தாழ சமம்தான். உறையைக் கையில் மாட்டி, எடுத்து, உள்வெளியாகத் திருப்பி முடிச்சுப் போடுவது யாருக்கும் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். கை சுத்தம், நாற்றமும் அவ்வளவாக வராது. ரோலுக்கு 15 உறை, கயிற்றிலேயே தொங்கவிடலாம். வசதி என்று மட்டும் பார்த்தால் பாலிதீன்தான் முதலிடம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

என் முடிவைத் தீர்மானித்தது அதற்கு அடுத்த கட்டம். இரவு பத்து மணிக்கு முடிச்சுப் போட்ட பையோடு நிற்கிறோம். அதை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது? தெருமுனைத் தொட்டியில் போட்டால் அங்கே மாடும் தெருநாயும் இழுத்துப் போடும். வீட்டுக்குக் கொண்டுவந்தால், காலையில் பேட்டரி வண்டியில் வரும் தூய்மைப் பணியாளரிடம் கொடுக்க வேண்டும். மக்கும் குப்பை பச்சைக் கூடை, மக்காத குப்பை நீலக் கூடை. பாலிதீனில் கட்டிய மலம் இரண்டிலும் சேராது. எங்கள் தெருவுக்கு வரும் அம்மாவிடம் ஒருநாள் இதைக் கேட்டேன். "கட்டு போட்டுக் குடுத்தா உள்ள என்ன இருக்குன்னு எங்களுக்கு எப்படிக்கா தெரியும்? பிரிச்சுதான் பாக்கணும்" என்றார். தரம் பிரிக்க வேண்டியது அவர் வேலை, முடிச்சைப் பார்த்தால் அவிழ்த்துத்தான் ஆக வேண்டும். நம் கையில் படாமல் அவ்வளவு பக்குவமாகக் கட்டியதை இன்னொருவர் கையால் அவிழ்க்கிறார் என்று தெரிந்த பிறகு, அந்த முறையைச் சுத்தமானது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிரிக்காமல் போனாலும் கொடுங்கையூர், பெருங்குடி குப்பை மேட்டுக்குப் போகிறது. சில வாரத்தில் மண்ணோடு மண்ணாகியிருக்க வேண்டியது பாலிதீனுக்குள் பத்திரமாகக் கிடக்கிறது.

மக்கும் பை வாங்கினால் இந்தப் பிரச்சினை தீரும் என்றுதான் விற்கிறார்கள். உண்மையான மக்கும் பையில் ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 என்ற தர எண் இருக்கும், அது ஒழுங்கான பொருள்தான். ஆனால் அந்தத் தரம் சொல்வது தொழில்முறை உரக்கூடத்தில் மக்குவதைப் பற்றி. 60 டிகிரியை ஒட்டிய வெப்பம், ஈரம், காற்று எல்லாம் சில மாதங்கள் தொடர்ந்து கிடைக்க வேண்டும். குப்பை மேட்டில் அது கிடைக்காது. ஆக, அந்த அம்மா அவிழ்க்க வேண்டியது அப்படியேதான் இருக்கிறது, விலை மட்டும் கூடுதல். நம் ஊர் வெக்கையிலும் புழுக்கத்திலும் அலமாரியில் கிடந்தாலே பை வலுவிழந்து, எடுக்கும் நேரத்தில் ஒட்டிய விளிம்பில் கிழிகிறது. தர எண் எதுவும் இல்லாமல் 'பயோ' என்று மட்டும் அச்சிட்டவற்றை வாங்கவே வேண்டாம். அவற்றில் சில, சின்னச் சின்னத் துண்டாக உதிரும் சாதாரணப் பிளாஸ்டிக்தான்.

பேப்பரில் வந்த பொட்டலத்தைக் கழிப்பறைக்கு நேராக எடுத்துப்போய்க் கவிழ்த்துவிடலாம். தாள் ஈரத்தை உறிஞ்சிவிட்டிருக்கும், கெட்டியாக இருந்தால் ஒட்டாமல் உருண்டு விழும். தண்ணீர் ஊற்றினால் அது பாதாளச் சாக்கடை வழியாகக் கோயம்பேடு, நெசப்பாக்கம் போன்ற சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. மனித மலத்தைச் சுத்திகரிக்கவே கட்டப்பட்ட இடம் அது. நாயின் மலத்துக்கு இந்த நகரத்தில் அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. யார் கையும் படுவதில்லை, விடியும்வரை வீட்டில் வைத்திருக்கவும் வேண்டாம். தாளை மட்டும் உள்ளே போட்டுவிடாதீர்கள், நாளிதழ்த் தாள் கரையாது, குழாய் அடைக்கும். கறைபட்ட தாளை இன்னொரு சுத்தமான தாளில் சுற்றி, மேலே எழுதி, நாப்கின், டயப்பர் போன்ற சானிட்டரி குப்பையோடு தனியாகக் கொடுக்கிறேன். அதுவும் ஒருவர் கைக்குத்தான் போகிறது என்பதை மறைக்கவில்லை. ஆனால் மலத்தைக் கொடுப்பதற்கும் ஒரு கறைத் தாளைக் கொடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. தண்ணீர் வீணாகாதா என்றால், துணி அலசிய தண்ணீர் அரை வாளி போதும். 2019 கோடையை இங்கே கடந்த யாரும் நல்ல தண்ணீரை இதற்கு ஊற்ற மாட்டார்கள்.

பாலிதீன் உறையிலிருந்தும் கவிழ்க்கலாமே என்று கேட்பது நியாயம். செய்து பார்த்திருக்கிறேன். மெல்லிய உறை உள்ளுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும், வெளியிலிருந்து விரலால் பிதுக்க வேண்டும், கடைசியில் ஈரமும் நாற்றமுமாக ஒரு பிளாஸ்டிக் மிஞ்சும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருந்தும், நாய்க்கென்று ரோல் ரோலாக வாங்கி நாமே சேர்ப்பதும் எனக்கு உறுத்துகிறது.

பேப்பர் தோற்கும் இடங்களும் இருக்கின்றன. வயிறு சரியில்லாத நாளில் தாள் தாங்காது. அன்றைக்கு உறைதான், கூடவே ஒரு பாட்டில் தண்ணீரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் விரித்த தாள் நொடியில் கூழாகும். அந்த இரண்டு மாதமும் பிரெட் கவர், ஆட்டா கவர் என்று வீட்டுக்கு எப்படியும் வந்துசேரும் உறைகளைச் சேர்த்துவைத்துப் பயன்படுத்துகிறேன். சில நாய்கள் பின்னால் எதையாவது நீட்டினாலே பயப்படும். ஜூலிக்குப் பழக ஒரு மாதம்போல ஆனது, உங்கள் நாய்க்கு எவ்வளவு ஆகும் என்று நான் சொல்ல முடியாது. லாப்ரடார், ராஜபாளையம் அளவுள்ள பெரிய நாயோடு எனக்கு அனுபவம் இல்லை. அளவைப் பார்த்தால் இரண்டு தாள் சேர்த்து மடிக்க வேண்டியிருக்கும்.

செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் நான் இருந்ததில்லை. மலத்தோடு வரும் முடியும் மண்ணும் தொட்டியிலேயே தங்கிவிடும் என்பதால் அங்கே யோசித்துத்தான் செய்ய வேண்டும். மரத்தடியில் சொந்த மண் இருந்தால் ஆழமாகக் குழி வெட்டி, கீரை, காய்கறிப் பாத்தியிலிருந்தும் கிணற்றிலிருந்தும் தள்ளிப் புதைக்கலாம், கறைபட்ட தாளும் அதோடு போய்விடும். மாடி வீடு, இருப்பது செப்டிக் டேங்க், சொந்த மண்ணும் இல்லை என்றால் பாலிதீன் உறையே போதும். மேலே பெரிதாக 'நாய் மலம்' என்று எழுதி ஒட்டி, மற்ற குப்பையோடு கலக்காமல், வண்டி வரும்போது வாயால் சொல்லிக் கொடுங்கள். எங்கள் தெரு அம்மா கேட்டதும் அவ்வளவுதான்.