புது வண்டி என்று தலையில் கட்டிய, வெள்ளத்தில் முழுகிய வண்டி: பெரிய மோட்டார் வாங்குவோர் கவனத்துக்கு

சுங்கை சிப்புட், கோலகங்சார், ஈப்போ வட்டாரத்தில் செகண்ட் ஹேண்ட் பெரிய மோட்டார் (மோட்டார் சைக்கிள்) தேடிக்கொண்டிருக்கும் நண்பர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். விற்ற கடையின் பெயரை நான் எழுதவில்லை. புகார் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே நடந்த வேலை அந்த ஒரு கடையோடு நிற்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் தேடியது தூரப் பயணத்துக்கு ஒரு வண்டி. நீண்ட விடுமுறை வந்தால் எங்கள் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் சிலர் சேர்ந்து கிளம்பிவிடுவோம். கிரிக் போய், கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் ஜெலி வரை. சில சமயம் தாய்லாந்து எல்லை தாண்டி பெத்தோங். சின்ன மோட்டாரில் அந்த மலைப்பாதை முதுகை உடைத்துவிடும். 500 சிசிக்கு மேல் ஓட்ட வேண்டுமானால் முழு பி லைசன்ஸ் வேண்டும். அதை எடுத்து முடித்ததும் கவாசாக்கி வெர்சிஸ் 650 என்று முடிவு செய்தேன். இரண்டு சிலிண்டர், நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டலாம். நம் நாட்டில் நிறைய ஓடுவதால் சாமானும் கிடைக்கும், கை வைக்கத் தெரிந்த ஃபோர்மேனும் (மெக்கானிக்) கிடைப்பார். இந்த மாடலின் மீது எனக்கு இன்றும் ஒரு குறையும் இல்லை.

இரண்டு வண்டிகள் அமைந்தன. ஒன்று 2011. கோலகங்சாரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் புதிதாக வாங்கி, அவர் ஒருவரே ஓட்டியது. மீட்டரில் 70,000 கிலோமீட்டருக்கு மேல். ஆயில் மாற்றிய பில்லிலிருந்து ஃபோர்க் (முன் சஸ்பென்ஷன்) சீல் போட்ட பில் வரை ஒரு ஃபைலில் தேதிவாரியாகக் கோத்து வைத்திருந்தார். 15,000 வெள்ளி (ரிங்கிட்) கேட்டார். இன்னொன்று 2017, கடையில் நின்றது. மீட்டரில் 19,000. பளபளவென்று இருந்தது. விலை 23,500 வெள்ளி.

விவரங்களை வைத்துப் பார்த்தால் புதியதை எடுப்பதில்தான் நியாயம் அதிகம். 2015ஆம் ஆண்டு மாடலிலிருந்து வெர்சிஸின் பெட்ரோல் டேங்க் 19 லிட்டரிலிருந்து 21 ஆனது. முன் கண்ணாடியைக் கையாலேயே ஏற்றி இறக்கலாம். அப்புறம் ஏபிஎஸ், அதாவது சட்டென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற அமைப்பு. ஆசிரியரின் வண்டியில் அது இல்லை. பேராவில் மாலையானால் கொட்டுகிற மழைக்கும், செம்பனை லாரிகள் சாலையில் இழுத்துவிட்டுப் போகிற செம்மண் சேற்றுக்கும் ஏபிஎஸ் இருப்பது உயிருக்குக் காவல். கூடுதலாக 8,500 வெள்ளி போட நான் சம்மதித்ததே பெரும்பாலும் அதற்காகத்தான்.

கடைக்காரரும் அதையே பிடித்துக்கொண்டார். "பழைய வண்டிக்கு எதுக்குண்ணே காசைப் போடுறீங்க? எழுபதாயிரம் ஓடின இஞ்சின், நாளைக்கே புகை தள்ளும். இது வீட்டுக்குள்ளேயே நின்ன வண்டி. விழுந்ததில்ல, வெள்ளம் பார்த்ததில்ல." வெள்ளத்தைப் பற்றி நான்தான் கேட்டேன். நம்பர் பலகை பி என்று தொடங்கியது, சிலாங்கூர் வண்டி. 2021 டிசம்பரில் ஷா ஆலாம், கிள்ளான் பகுதிகளில் எத்தனை வாகனங்கள் முழுகிக் கிடந்தன என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அவர் என் முகத்தைப் பார்த்தே இல்லை என்றார். விளம்பரத்திலும் வெள்ளம் படாத வண்டி, விபத்து இல்லாத வண்டி என்று மலாயில் எழுதியிருந்தது.

எங்கள் ஃபோர்மேனிடம் காட்டிவிட்டு எடுக்கிறேன் என்றேன். வெளியே கொண்டுபோக இன்சூரன்ஸ் இல்லை என்றார். சரி, அவரை இங்கே கூட்டி வருகிறேன் என்றேன். நாளைக் காலை ஈப்போவிலிருந்து ஒருவர் முழுப் பணத்தோடு வருகிறார், அதற்குப் பிறகு வண்டி இருக்காது என்றார். கடைக்குப் பக்கத்துச் சாலையில் ஓட்டிப் பார்க்க விட்டார். இஞ்சின் சத்தம் சுத்தம், கியர் சுத்தம். பணம் கட்டி, ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) பெயர் மாற்றி எடுத்து வந்தேன்.

அடுத்த மாதம் சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்குப் போய் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. முன்னால் போன காய்கறி லாரி வளைவில் சட்டென்று நின்றது. இரண்டு பிரேக்கையும் அழுத்தினேன். ஏபிஎஸ் வேலை செய்தால் லீவரிலும் பெடலிலும் படபடவென்று ஓர் உதறல் தெரியும், சக்கரம் பூட்டிக்கொள்ளாது. எனக்கு எந்த உதறலும் வரவில்லை. பின் சக்கரம் பூட்டிக்கொண்டது. வண்டி குறுக்கே திரும்பி, லாரியின் பின் பலகைக்குக் கை எட்டும் தூரத்தில் போய் நின்றது. பின்னால் என் மனைவி உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் இந்தப் பதிவே வேறு மாதிரி இருந்திருக்கும்.

மறுநாள் எங்கள் ஊர் ஃபோர்மேனிடம் விட்டேன். முப்பது வருடமாக மோட்டார் பார்க்கிறவர். அவர் ஸ்பேனரையே எடுக்கவில்லை. சாவியை மட்டும் திருப்பிவிட்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டே நின்றார். "தம்பி, ஏபிஎஸ் விளக்கு எங்க?"

எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இதுதான். ஏபிஎஸ் உள்ள வண்டியில் சாவியைத் திருப்பியதும் ஏபிஎஸ் விளக்கு எரிய வேண்டும். வண்டி சற்று நகர்ந்த பிறகு அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் கோளாறு. சாவியைத் திருப்பும்போதே எரியவில்லை என்றால் இன்னும் மோசம், யாரோ அந்த விளக்கில் கை வைத்திருக்கலாம். என் வண்டியின் மீட்டரைக் கழற்றிப் பார்த்தார். திருகாணிகளின் தலை ஏற்கெனவே தேய்ந்திருந்தது. உள்ளே அந்த ஒரு விளக்கின் மேல் மட்டும் கறுப்புச் சாயம் பூசியிருந்தது. பழைய வண்டியில் கோளாறு இருப்பது சகஜம், அதை நான் மன்னிப்பேன். பிரேக் வேலை செய்யவில்லை என்று தெரிந்து, அது தெரியாமல் இருக்க விளக்குக்குச் சாயம் பூசி, ஒரு குடும்பத்துக்காரனிடம் விற்பதை எப்படி மன்னிப்பது?

அதன் பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. டேங்கைத் தூக்கினால் அடியில் ஒயர்கள் வளையும் இடத்தில் காய்ந்த வண்டல், விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. ஏபிஎஸ் யூனிட்டின் சாக்கெட்டைப் பிடுங்கினால் பின்களில் பச்சையாகப் பூத்திருந்தது. ஃபோர்க் எண்ணெய் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் வடிந்தது. தண்ணீர் கலந்தால் அப்படி வரும். ஏபிஎஸ் யூனிட் மாற்ற மட்டும் 4,000 வெள்ளிக்கு மேல் ஆகும் என்றார்கள். ஒயரிங் தனி.

19,000 என்பதும் பொய் என்றே ஃபோர்மேன் சொல்கிறார். டிஸ்க் பிரேக் தட்டின் மேலேயே அது எவ்வளவு வரை தேயலாம் என்ற அளவு மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். அளவெடுக்கும் காலிப்பரை வைத்து அளந்தால் என் வண்டியின் தட்டு அந்த அளவை நெருங்கியிருந்தது. டயரில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 1422 என்றால் 2022ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். என் வண்டியின் இரண்டு டயர்களும் 2022 தொடக்கத்தில், அந்த வெள்ளத்துக்குப் பிறகு செய்தவை. செயின், பேட்டரி, பிரேக் பேட் எல்லாமே புதிது. இவ்வளவு குறைவாக ஓடிய வண்டிக்கு எல்லாவற்றையும் ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டால் கடையில் பதில் இல்லை.

திரும்பப் போய்க் கேட்டபோது "நீங்க ஓட்டிப் பார்த்துத்தானே எடுத்தீங்க, வண்டி கடையை விட்டுப் போனா எங்க பொறுப்பு இல்ல" என்றார்கள். அன்று மாலையே விளம்பரத்தை எடுத்துவிட்டார்கள். நல்லவேளை, அதைப் படமாகப் பிடித்து என் மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். இன்று என் கையில் இருக்கும் பெரிய ஆதாரம் அந்தப் படம்தான்.

பழையதா புதியதா என்று என்னைக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: ஆண்டை மட்டும் வைத்து விலை போடாதீர்கள். பழைய வண்டியில் ரப்பர் குழாய்கள் வெடிக்கும், சீல்கள் கசியும், ரெக்டிஃபையர் (பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் பகுதி) போகலாம். ஆனால் அவை கண்ணுக்குத் தெரிகிற செலவு, பேரம் பேசிக் கழித்துக்கொள்ளலாம். பில்களோடு 70,000 ஓடிய வெர்சிஸ் இஞ்சினை நான் பயமில்லாமல் எடுப்பேன். ஒரு பில்கூட இல்லாத 19,000 எனக்கு வேண்டாம். ஏபிஎஸ் வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. 2015க்குப் பிந்தைய வண்டி, முதல் உரிமையாளர் கையிலிருந்து, சர்வீஸ் புத்தகத்தோடு கிடைக்கும் வரை காத்திருங்கள். உங்கள் ஃபோர்மேன் டேங்கைத் தூக்கிப் பார்க்க விடாத கடையில் ஒரு வெள்ளிகூட வைக்காதீர்கள். நாளைக்கு இன்னொருவர் வருகிறார் என்றால் வரட்டும்.

ரசீதையும் பாருங்கள். எனக்குக் கொடுத்ததில் சேசிஸ் நம்பரும் இல்லை, மீட்டர் அளவும் இல்லை. இரண்டையும் எழுதச் சொல்லி, வெள்ளம் படாத வண்டி என்பதையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். எழுத மறுத்தால் காரணம் உங்களுக்கே புரியும். மிச்சக் கடனை நீங்கள் கட்டுங்கள், வண்டியை ஓட்டிக்கொள்ளுங்கள் என்று "சம்போங் பாயார்" பேசுகிறவர்களிடம் போகவே வேண்டாம். வண்டி உங்கள் பெயருக்கு வராது, வங்கி எந்த நாளிலும் இழுத்துக்கொண்டு போகலாம்.

கடையில் வாங்கி ஏமாந்தவர்கள் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. 50,000 வெள்ளி வரை கோரலாம், கட்டணம் 5 வெள்ளி, மூன்று ஆண்டுகளுக்குள் போட வேண்டும். வழக்கறிஞர் வைக்க முடியாது, கடைக்காரரும் வைக்க முடியாது என்பது நமக்கு நல்லது. தனி ஆளிடம் வாங்கியிருந்தால் இந்த வழி இல்லை. மீட்டரைக் குறைத்தது பற்றி உள்நாட்டு வாணிப அமைச்சில் தனிப் புகார் கொடுத்திருக்கிறேன்.

என் கோரிக்கை இன்னும் விசாரணைக்கு வரவில்லை. இதே வட்டாரத்தில் சிலாங்கூர் பலகை வெர்சிஸ் வாங்கியவர்கள் யாராவது இருந்தால், இன்றே சாவியைத் திருப்பி அந்த விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் மழையில் வண்டியை எடுக்காதீர்கள். எனக்கு எழுதுங்கள், ஃபோர்மேன் எழுதிக் கொடுத்த அறிக்கையையும் படங்களையும் அனுப்பி வைக்கிறேன். உங்கள் கோரிக்கையில் அவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.