கெய்ரோவா, இஸ்தான்புல்லா, கோலாலம்பூரா?

ராத்தாவின் மகளுக்கு ஏ.எல். பெறுபேறு வந்த அன்றே கேட்டுவிட்டாள்: "மாமா, எனக்குப் பட்டமும் வேணும், நம்மட முஸ்லிம் ஆக்கள்ட பழைய கலை, கட்டடம், எழுத்தெல்லாம் கிட்ட நிண்டு பார்க்கவும் வேணும். எங்க போற?"

மச்சான் செலவைப் பார்க்கிறார், ராத்தா தூரத்தைப் பார்க்கிறா. நான் பார்த்தது வேறு: அந்த ஊர்ச் சுவர்களில் எழுதியிருப்பதை இவள் எத்தனை காலத்தில் வாசிப்பாள்?

கோலாலம்பூர் நான் படித்த ஊர், ஆகவே கொஞ்சம் பட்சபாதம் இருக்கும். கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஏறினால் மூன்றரை மணி நேரம். 1983இல் தொடங்கிய சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே படிக்கலாம். 1998இல் திறந்த இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் உலகப் பள்ளிவாசல்களின் சிறு மாதிரிகளை ஒரே மாலையில் சுற்றி வரலாம். ஆனால் எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால். எனக்கு மனதில் நின்றது இரண்டு ஆறுகள் சேரும் இடத்திலுள்ள மஸ்ஜித் ஜாமிக் பள்ளிவாசல்தான். சிவப்புச் செங்கல், வெள்ளைப் பட்டை. பார்த்ததும் கொழும்புப் புறக்கோட்டையின் சிவப்புப் பள்ளிவாசல் ஞாபகம். இரண்டும் முடிந்தது 1909இல். கோலாலம்பூரில் உள்ளதை வரைந்தவர் ஆங்கிலேயர் ஹபக், கொழும்பில் உள்ளதை வரைந்தவர் நம்மட சாய்பு லெப்பை.

இன்னொன்று ஜாவி. மலாயை அரபு எழுத்தில் எழுதுவது. 1869இல் கொழும்பிலேயே ஜாவியில் ஒரு பத்திரிகை வந்தது, பெயர் 'ஆலாமத் லங்காபுரி'. உம்மம்மா விரலால் வரி தொட்டு வாசித்த அரபுத்தமிழ்க் கிதாபிலும் (தமிழை அரபு எழுத்தில் எழுதிய நூல்) இதே வேலைதான்: அரபியில் இல்லாத ஒலிக்குப் புள்ளி கூட்டிப் புது எழுத்து.

இஸ்தான்புல்லைக் காசுக்காகவே முதலில் வைக்கலாம். துருக்கி அரசின் புலமைப்பரிசில் கிடைத்தால் கட்டணம், விடுதி, மாதப்படி, விமானச்சீட்டு, ஒரு வருட மொழிப்படிப்பு எல்லாம் அதற்குள். 1557இல் உஸ்மானியக் கட்டடக்கலைஞர் சினான் கட்டி முடித்த சுலைமானியா பள்ளிவாசலில் எண்ணெய் விளக்குகளின் புகையை காற்றோட்டத்தால் ஓர் அறைக்கு இழுத்து, சேர்ந்த கரியில் மை செய்தார்களாம். ஆனால் 1928இல் துருக்கி அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறிவிட்டது. ஒரு வருடத் துருக்கியைக் கொண்டு ரொட்டி வாங்கலாம், பழைய நீரூற்றின் கல்வெட்டை வாசிக்க முடியாது. அரபு எழுத்தில் இருந்த பழைய உஸ்மானியத் துருக்கியைத் தனியாகப் படிக்கவேணும். (தொப்பிக் கதையும் இப்படித்தான். 1905இல் கொழும்பு உயர் நீதிமன்றத்தில் துருக்கித் தொப்பியைக் கழற்ற மாட்டேன் என்று நின்றார் சட்டத்தரணி அப்துல் காதர். இருபது வருடத்தில் துருக்கியே அதைத் தடை செய்தது.)

கெய்ரோவுக்கு நான் போனது இரண்டு வாரம்தான். அதில் நாலு நாள் ஒரு அலுவலகத்தில் ஒரு முத்திரைக்காகப் போனது. போகும்போதெல்லாம் ஒரே பதில், "புக்ரா", நாளைக்கு வா. தூசி, ஹாரன் சத்தம். கிதாபு அரபி பேசினால் கடைக்காரர் சிரிக்கிறார், தெரு அரபி வேறு.

இருந்தும் என் வாக்கு கெய்ரோவுக்கே. 879இல் முடிந்த இப்னு தூலூன் பள்ளிவாசலில் வெறுங்காலோடு நடக்கலாம். சுல்தான் ஹசன் மத்ரஸாவில் முற்றத்தைச் சுற்றி நான்கு பெரிய வளைவு மண்டபங்கள், அவற்றுக்கிடையே மூலைகளில் நான்கு மத்ஹபுக்கும், அதாவது நான்கு மார்க்கச் சட்ட வழிகளுக்கும், ஒவ்வொரு பாடசாலை. நாம் ஷாஃபிஈ மத்ஹபு. அந்த இமாம் 820இல் மறைந்து அடங்கியிருப்பதும் இந்த ஊரில்தான். 1211இல் எழுந்த அவருடைய குப்பாவின் (அடக்கத்தலக் குவிமாடத்தின்) உச்சியில் பிறை இருக்குமென்று அண்ணாந்து பார்த்தால், ஒரு சின்ன உலோகப் படகு! பறவைகளுக்குத் தானியம் போடுவதற்காம். அறிவுக்கடல் என்பதற்கு அடையாளம் என்போரும் உண்டு. இந்த ஊர்ச் சுவர்களில் உள்ளதை, அரபு எழுத்துப் பழகிய கண்ணுக்கு, எழுத்துக்கூட்டியாவது வாசிக்க முடிகிறது.

அந்த ஊருக்கும் நமக்கும் பழைய கொடுக்கல் வாங்கல் உண்டு. 1883இல் எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு இலங்கைக்கு வந்த கிளர்ச்சித் தலைவர் ஒராபி பாஷா, 1892இல் கொழும்பு மருதானை ஸாஹிராக் கல்லூரி உருவாகத் துணை நின்றவர்.

மருமகள் குர்ஆன் ஓதுவாள், அரபி விளங்காது. ஒரு வருடம் மொழிக்குக் கொடுக்கத் தயாரென்றால் கெய்ரோ. அந்த வருடம் இஸ்தான்புல்லிலும் போகத்தான் போகிறது. வேறு துறையில் பட்டம், இது ஓய்வுநேர ஆசை என்றால் கோலாலம்பூரே போதும்.

"துருக்கிக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வை" என்றேன், மச்சானின் முகத்தைப் பார்த்து. அவளோ, "அந்தப் படகு எவ்வளவு பெரிசு மாமா?" என்கிறாள்.