டிரெய்லர் பாத்ரூம் ஃபேனுக்கு 685 டாலர் வாங்கிக்கொண்டு செய்த வேலை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கனடா தின (ஜூலை 1) விடுமுறைக்கு, காரில் கட்டி இழுத்துப் போய்த் தங்கும் டிரெய்லரை வெளியே எடுக்கும் ஒன்டாரியோக்காரர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அப்புறம் ரிப்பேர் கடைக்குப் போங்கள்.

எங்களுடையது 17 அடி டிரெய்லர். பாத்ரூம் ஒரு பீரோ அளவுதான் இருக்கும். கம்பெனியில் போட்டுக் கொடுத்த கூரை ஃபேனுக்கு 6 இன்ச் இறக்கை. நான்கு பேர் அடுத்தடுத்துக் குளித்தால் நீராவி போக வழியில்லாமல் சுவரெல்லாம் வழியும். போன வருடமே ஷவர் மூலைகளில் கறுப்புப் பூஞ்சை வந்துவிட்டது, சின்னவனுக்கு ஆஸ்துமா வேறு. இந்த டிரெய்லர்களில் கூரை வென்ட், அதாவது காற்று வெளியேறும் ஓட்டை, பெரும்பாலும் 14-க்கு 14 இன்ச்தான். அதனால் 12 இன்ச் இறக்கை உள்ள பெரிய ஃபேனை எதையும் வெட்டாமல் அதே ஓட்டையில் உட்கார வைக்கலாம். நல்ல கம்பெனி ஃபேன் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 900 கன அடி வரை காற்றை இழுக்கும் என்று போட்டிருக்கிறார்கள். இதை மாற்றினால் பிரச்சினை தீர்ந்தது என்று நம்பித்தான் நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஒரு சின்ன ஆர்வி (இந்த மாதிரி டிரெய்லர், வீட்டு வண்டி) ரிப்பேர் கடைக்குப் போனோம்.

அந்த ஆள் பேசிய விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஏணி போட்டு ஏறி, கூரையை அழுத்தி அழுத்திப் பார்த்தார். கீழே வந்து வென்ட்டைச் சுற்றி உள்கூரையைத் தடவிப் பார்த்து, "பிள்ளைகள் இருக்கிறார்களா? இந்தப் பூஞ்சையை விட்டுவைக்கக் கூடாது" என்றார். பையனுக்கு ஆஸ்துமா என்று சொன்னதும் குரலே மாறிவிட்டது. உள்ளே போய் நல்ல கம்பெனி ஃபேன் ஒன்றைப் பெட்டியோடு எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். மூன்று வேகம், மழை வந்தால் தானாக மூடும் மூடி, உள்ளேயும் வெளியேயும் காற்றைத் திருப்பும் சுவிட்ச். "என் சொந்த டிரெய்லரிலும் இதுதான், குழந்தைக்காகச் செய்கிறேன், தண்ணீர் இறங்காமல் இடுக்கை அடைக்கும் சீலன்டுக்குத் தனியாகக் காசு வேண்டாம்." என் பிள்ளையின் மூச்சைப் பற்றிப் பேசியவரை எப்படிச் சந்தேகப்படுவது? ஃபேனும் கூலியும் வரியும் சேர்த்து 685 டாலர். கார்டு மெஷின் வேலை செய்யவில்லை என்றார், வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போகும் ஈ-டிரான்ஸ்ஃபரில் அனுப்பினோம். 685 டாலர், வேலை தொடங்கும் முன்பே.

அப்புறம் டிரெய்லரோடு கில்பேர் பூங்காவுக்குத் தங்கப் போனோம். முதல் குளியலிலேயே நீராவி மேலே போகாமல் கதவிடுக்கு வழியாகப் படுக்கைப் பக்கம் வந்தது. ஃபேனுக்குக் கீழே ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடித்தேன். அது மேலே ஒட்டிக்கொள்ள வேண்டும், ஆனால் கீழே பறந்தது! பிளஸ், மைனஸ் வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், 12 வோல்ட் மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது. உள்சட்டத்தைக் கழற்றிப் பார்த்தால் என் கையில் கொடுத்த ஃபேனே அது இல்லை. பெயரும் இல்லை, மாடல் நம்பரும் இல்லை, ஒரே வேகம். இரவு மழை பெய்தபோது அந்த மூலையிலிருந்து சொட்டத் தொடங்கியது. காலையில் என் கணவர் மேலே ஏறிப் பார்த்தார். பழைய சீலன்டைச் சுரண்டக்கூட இல்லை, அதன் மேலேயே சாதாரண சிலிக்கானை அப்பி வைத்திருக்கிறார்கள். ரப்பர் கூரையில் அது சரியாகப் பிடிக்கவே பிடிக்காது. ஃபேன் விளிம்புக்கு அடியில் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் மாதிரி டேப்) வைத்துத் திருகி, மேலே கூரைக்கென்றே வரும் லேப் சீலன்ட் ஊற்ற வேண்டும். கடைக்காரருக்கு இது தெரியாதா என்ன?

போன் செய்தால் முதலில், "அது காற்றை உள்ளே இழுக்கும் மோட், வெயில் காலத்துக்கு நல்லது" என்றார். திருப்ப சுவிட்சே இல்லையே என்றதும், சீசன் நேரம், அடுத்த வாரம் பேசலாம் என்றார். அடுத்த வாரம் பேசியபோது, ஒழுகுவது உங்கள் பழைய கூரை என்றார். அதே கூரையை அழுத்திப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்னவர் அவர்தான்! பிறகு வேலை செய்த பையன் நின்றுவிட்டான் என்று கதை. இப்போது என் நம்பரைப் பார்த்தாலே வாய்ஸ்மெயிலுக்குப் போகிறது. ரசீதை எடுத்துப் பார்த்தால் "வென்ட் ஃபேன், மாற்றும் கூலி, 685" என்று ஒரே வரி. எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று ஒரு எழுத்துக்கூட இல்லை. 685 டாலர் போனது மட்டும் இல்லை, வென்ட்டைச் சுற்றி உள்கூரைப் பலகை ஊறிப் போயிருக்கிறது, அதற்கு எவ்வளவு ஆகுமோ.

பாத்ரூம் காற்றோட்டத்தை எப்படிச் சரிசெய்வது என்று விவரமாக எழுத நினைத்திருந்தேன், இப்போது அதற்கு மனம் ஓடவில்லை. இதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ரசீதில் மாடல் நம்பரை எழுதச் சொல்லுங்கள், பெட்டியையும் கேட்டு வாங்கி வாருங்கள். கடையை விட்டுக் கிளம்பும் முன் டிஷ்யூ பேப்பரைப் பிடித்துப் பாருங்கள், கூரையில் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்துப் பாருங்கள். எவ்வளவு பெரிய ஃபேனாக இருந்தாலும் உள்ளே காற்று வர வழி வேண்டும், அதனால் ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், பாத்ரூம் கதவுக்கு அடியில் இடுக்கு இருக்கட்டும். எல்லாவற்றையும் மூடிவிட்டு ஃபேனை ஓட்டி டாய்லெட்டை ஃப்ளஷ் செய்தால் கழிவுத் தொட்டி நாற்றம் மேலே வரும். பணத்தை எல்லாம் சரிபார்த்த பிறகு கிரெடிட் கார்டில் கொடுங்கள். ஈ-டிரான்ஸ்ஃபரில் போனதை எதிராளி வாங்கிவிட்டால் வங்கியால் திரும்ப எடுக்க முடியாது என்று நேற்றுதான் எங்களிடம் சொன்னார்கள். சின்னத் தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்குப் போவதற்குப் போட்டோக்களை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறோம், இது போன்ற வேலைக்கு அங்கே போய்ப் பணம் வாங்கியவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள்.