யார் ஏணி எடுத்துக்கொண்டு போவது? சமூக வைஃபையின் மூன்று வழிகள்

அக்கம்பக்கத்தார் சேர்ந்து சொந்தமாக ஒரு வைஃபை வலைப்பின்னல் கட்டலாம் என்று பேச்சு எழுந்தால், முதல் கூட்டத்திலேயே கருவிகளைப் பற்றிய விவாதம் சூடுபிடித்துவிடும். எந்த ரவுட்டர் நல்லது, எந்த ஆன்டெனா வாங்கலாம், மெஷ்ஷா டவரா? நானும் அதே ஆர்வத்தோடு ஒரு சின்ன வலைப்பின்னலில் சேர்ந்தவன்தான். சில வருடங்கள் கூரை கூரையாக ஏறி இறங்கிய பிறகு, முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு என்று படுகிறது. மழை ராத்திரியில் மாடியில் இருக்கும் பெட்டி நின்றுவிட்டால் ஏணியைத் தூக்கிக்கொண்டு யார் போவது? எதற்காகப் போவார்? நட்புக்காகவா, கூலிக்காகவா, தானும் ஒரு பங்காளி என்பதற்காகவா? பல வருடங்கள் தாக்குப்பிடித்த சமூக வலைப்பின்னல்களைப் பார்த்தால், இந்த மூன்று பதில்களுமே கிடைக்கின்றன.

கருவி விவாதத்தை முதலில் முடித்துவிடலாம். மெஷ் முறையில் ஒவ்வொரு வீட்டு ரவுட்டரும் தனக்கு வரும் தரவை அடுத்த வீட்டுக்குக் கடத்தும். ஒரு வீட்டில் மின்சாரம் போனாலும் தரவு வேறு வழி தேடிக்கொள்ளும். குறை என்னவென்றால், ஒரே ரேடியோ (அலைகளை வாங்கி அனுப்பும் பகுதி) உள்ள ரவுட்டர் வாங்குவதையும் கொடுப்பதையும் ஒரே அலைவரிசையில் மாறி மாறிச் செய்தாக வேண்டும். அதனால் தரவு ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குத் தாவும் ஒவ்வொரு முறையும் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். டவர் முறையில் உயரமான ஓர் இடத்திலிருந்து வீடுகளுக்கு நேரடி இணைப்பு. நடுவில் மரமோ சுவரோ மறைக்காவிட்டால் வைஃபை வெகு தூரமும் போகும். 2007-இல் எர்மான்னோ பியத்ரோசெமோலியின் குழு வெனிசுவேலாவில் இரண்டு மலைகளுக்கு நடுவே 382 கிலோமீட்டர் தூரத்தை வைஃபையாலேயே இணைத்துக் காட்டியது. ஆனால் டவர் நிற்கும் கட்டடத்தின் சொந்தக்காரர் மனம் மாறினால் ஒரே நாளில் எல்லோருக்கும் இணைப்பு போய்விடும். நியூயார்க்கின் சமூக வலைப்பின்னலான என்ஒய்சி மெஷ் பெயரில் மெஷ் என்று வைத்திருந்தாலும், உயரமான கட்டடங்களில் மையங்களை வைத்து இரண்டு முறையையும் கலந்துதான் ஓடுகிறது. என் பரிந்துரையும் அதுதான். தூரத்துக்கு நேர் இணைப்பு, நெருக்கமான வீடுகளுக்கு மெஷ், ரவுட்டரில் குறைந்தது இரண்டு ரேடியோ. இதற்கு மேல் இதில் சண்டை போட ஒன்றும் இல்லை.

இனி மனிதர்களைப் பற்றிய பகுதி.

முதல் வழி, கொடை. 2000-களின் தொடக்கத்தில் பெர்லினில் உருவான ஃப்ரைஃபுங்க் என்ற வலைப்பின்னல் இதற்கு நல்ல உதாரணம். இங்கே சந்தா கிடையாது, சொந்தக்காரர் என்று ஒருவர் கிடையாது. சேருகிறவர்கள் பீக்கோ பியரிங் என்ற சின்ன உடன்பாட்டை ஏற்கிறார்கள். என் ரவுட்டர் வழியே போகும் அடுத்தவர் தரவைத் தடுக்க மாட்டேன், அதில் கைவைக்க மாட்டேன் என்பது அதன் உயிர். கூடவே, இந்தச் சேவைக்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்ற வரியும் அதில் உண்டு. முன்பு ஜெர்மனியில் திறந்த வைஃபை வழியே யாரோ செய்த தவறுக்கு அந்த இணைப்பின் சொந்தக்காரர் மாட்டிக்கொள்ளும் நிலை இருந்தது. 2017-இல் சட்டம் திருத்தப்படும்வரை பல குழுக்கள் தங்கள் தரவை விபிஎன் (யாருடைய இணைப்பு என்று வெளியே தெரியாமல் மறைக்கும் தடம்) வழியாகச் சுற்றி அனுப்பித்தான் உறுப்பினர்களைக் காப்பாற்றின. முகம் தெரியாதவருக்காக இவ்வளவு சிரமப்பட்டார்கள் என்பது எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. மெஷ்ஷில் தரவு எந்த வழியே போக வேண்டும் என்று தீர்மானிக்கும் பேட்மேன் என்ற நெறிமுறையும் இவர்களிடமிருந்து வந்ததுதான். 2011-இல் அது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது.

நான் சேர்ந்த குழுவும் இந்த வழியில்தான் தொடங்கியது. முதல் வருடம் திருவிழா மாதிரி இருந்தது. இரண்டாம் வருடத்தில் ஏணி ஏறியது இரண்டே பேர். "உத்தரவாதம் இல்லை" என்ற வரியைத் தொழில் தெரிந்தவர் படித்தால் நேர்மை தெரியும். இணைய வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு அது வெறும் துண்டித்த இணைப்பு.

இரண்டாம் வழி, பொதுச் சொத்தைக் கணக்கோடு நடத்துவது. ஸ்பெயினில் கட்டலோனியாவின் ஒசோனா பகுதியில் 2004-இல் தொடங்கிய கீஃபி நெட் இன்று 35,000-க்கும் மேற்பட்ட முனைகளோடு (இணைப்பு நிலையங்களோடு) நிற்கிறது. நிறுவனங்கள் வந்து சேராத கிராமப்புறத்தில், தேவையால் பிறந்தது. அதன் உரிமம் தெளிவானது: வலைப்பின்னல் பொது, யார் வேண்டுமானாலும் ஒரே விதியின்படி சேரலாம், நீட்டலாம். அதே பொது வலைப்பின்னலின் மேல் தொழில்முறை நிறுவனங்கள் சேவை விற்கலாம். ஆனால் எவ்வளவு பயன்படுத்துகிறார்களோ அதற்கேற்பப் பராமரிப்புச் செலவில் பங்கு கொடுக்க வேண்டும். யாராவது சொந்தப் பணத்தில் புதிய தடம் போட்டால் அது அவர் கணக்கில் வரவு. 2008-இல் உருவான அறக்கட்டளை இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்கிறது. 2009 முதல் ஃபைபரும் போடுகிறார்கள்.

இதை முதலில் படித்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. காசு உள்ளே வந்தால் சமூகம் வெளியே போய்விடும் என்று நம்பினேன். இப்போது யோசித்தால், எங்கள் குழுவிலும் காசு இருந்தது. ஏணி ஏறிய இருவரின் பெட்ரோலும் ஞாயிற்றுக்கிழமையும் செலவாயின. யாரும் எழுதிவைக்காததால் அது கண்ணில் படவில்லை. கணக்கு எழுதாத இடத்தில் கொடுப்பவர் கொடுத்துக்கொண்டே இருப்பார், ஒரு நாள் சத்தமில்லாமல் விலகிவிடுவார். எங்களிடமும் அதுதான் நடந்தது.

மூன்றாம் வழி, கூட்டுறவு. தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் மாகாணத்தில் மன்கோசி என்ற கிராமப் பகுதியில் 2012-இல் வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகத்தின் துணையோடு தொடங்கியது ஜென்ஸெலெனி. அந்தப் பெயருக்குக் கோசா மொழியில் "நீங்களே செய்துகொள்ளுங்கள்" என்று பொருள். மின்சாரம் எட்டாத வீடுகள் என்பதால் மெஷ் நிலையங்கள் சூரிய ஒளியில் ஓடின. அதே மின்சாரத்தில் மக்களின் கைபேசிகளுக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்து வருமானமும் பார்த்தார்கள். கூட்டுறவைப் பதிவுசெய்து, தொலைத்தொடர்புச் சேவை நடத்த அரசிடம் உரிம விலக்கும் வாங்கினார்கள். வரும் பணத்தை என்ன செய்வது என்று முடிவெடுப்பது அந்த ஊர்க்காரர்களே. மூன்றிலும் என் மனசுக்கு மிக நெருக்கமானது இதுதான். ஆனால் கூட்டம், பதிவேடு, தேர்தல் என்று இதற்கு வேண்டிய பொறுமை எல்லாக் குழுவுக்கும் வாய்ப்பதில்லை.

நான்காவதாக ஒன்றையும் சொல்லலாம், ஒரே மனிதரின் பிடிவாதத்தில் எழும்புவது. நேபாளத்தில் மகாவீர் புன் மலைக் கிராமங்களுக்கு வைஃபை கொண்டுபோனார், 2007-இல் மகசேசே விருது பெற்றார். ஆனால் அப்படி ஒருவர் கிடைப்பார் என்று எண்ணி யாரும் திட்டம் போட முடியாது.

எந்த வழியில் போனாலும் ஒரு விஷயத்தில் நம் மனசாட்சியே சோதனைக்கு வரும். எங்கள் இணைப்பு மெதுவானபோது, யார் அதிகம் இழுக்கிறார்கள் என்று பார்க்கப் பதிவுகளைச் சேமிக்கலாம் என்று கேட்டவன் நான். ஒரு வாரம் கழித்து, தளங்களின் பெயரைத் தேடித்தரும் டிஎன்எஸ்ஸின் பதிவைத் திறந்தேன். எந்த வீடு எந்தத் தளத்துக்கு எத்தனை மணிக்குப் போனது என்பது வரிசையாகக் கிடந்தது. அதில் ஒரு வீடு இரவு முழுக்க ஒரு நோயைப் பற்றிய தளங்களுக்கே போயிருந்தது. அந்த வீட்டுக்காரர் தினமும் என்னைப் பார்த்துச் சிரிப்பவர், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாதவர். பதிவை அன்றே அழித்தேன். அவரிடம் இதைச் சொல்லத் தைரியம் வரச் சில மாதங்கள் ஆயின. ஒவ்வொரு வீட்டுக்கும் வேகத்தைச் சமமாகப் பங்கிட்டிருந்தாலே சிக்கல் தீர்ந்திருக்கும், யாரையும் உற்றுப் பார்க்கத் தேவையே இல்லை. சில நாடுகளில் பதிவு வைக்கச் சட்டமே சொல்கிறது. அங்கே சட்டம் கேட்பதற்கு மேல் ஒரு வரியும் வைக்காமல் இருக்கலாம். இரண்டு பேர் சேர்ந்தால்தான் திறக்க முடியும் என்றும் வைக்கலாம்.

புதிதாகத் தொடங்கும் குழு என்னைக் கேட்டால் கீஃபி நெட்டின் கணக்குப் பழக்கத்தை முதல் நாளே எடுத்துக்கொள்ளச் சொல்வேன். ஆட்கள் நிலைத்து நின்றால், அப்புறம் கூட்டுறவாக மாறிக்கொள்ளலாம். ஃப்ரைஃபுங்கிலிருந்து அடுத்தவர் தரவில் கைவைக்க மாட்டேன் என்ற உறுதிமொழி போதும். ரவுட்டர் வாங்கும் முன் ஒரு தாளில் எழுத வேண்டியவை சில: மின்கட்டணம் யாருடையது, கடவுச்சொல் எத்தனை பேரிடம், ஏணி ஏறுபவருக்கு என்ன.

எங்கள் வலைப்பின்னலில் இப்போது ஏணி ஏறுபவருக்கு ஒரு தொகை உண்டு. விலகிப்போன இருவரில் ஒருவர் திரும்பி வந்துவிட்டார். பங்கு கட்ட முடியாத நாலு வீடுகளை என்ன செய்வது என்பதில் இன்னும் ஒத்த கருத்து வரவில்லை, அடுத்த கூட்டத்தில் அதுதான் முதல் பேச்சு.