எட்டு ஜாம் போத்தலில் பழைய ஒயில்

என்னுடையது பழைய ஹீரோ ஹொண்டா ஸ்பிளெண்டர். உப்புவெளியில் இருந்து திருகோணமலை டவுனுக்கு தினமும், மாதத்தில் இரண்டு தடவை கந்தளாய்க்கோ புல்மோட்டைக்கோ ஒரு நீட்டு ஓட்டம். ஆறு வருடமாக ஒயில் மாற்றும்போதெல்லாம் வடித்ததில் கொஞ்சத்தை ஜாம் போத்தலில் ஊற்றி, எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று எழுதி ஒட்டிவைப்பேன். வீட்டில் திட்டு வாங்கி, பலதைக் கராஜ் பீப்பாவில் கொட்டியதுபோக மிஞ்சியது எட்டு.

முன்பெல்லாம் டிப்ஸ்டிக்கில் கறுப்பைக் கண்டாலே மாற்றிவிடுவேன். கராஜ் அண்ணனும் விரலில் தொட்டுப் பார்த்து "செத்துப்போச்சு தம்பி" என்பார். ஆனால் 700 கிலோமீற்றர் ஓடிய போத்தலையும் 2000 ஓடிய போத்தலையும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே கறுப்புத்தான். இந்த பைக்கில் கடதாசி பில்டர் கிடையாது, சுழற்சியில் அழுக்கை ஒதுக்கும் ஒரு கிண்ணமும் ஒரு வலையும்தான், அதனால் நுண்ணிய கரி எல்லாம் ஒயிலிலேயே மிதக்கும். அப்படி மிதக்கவைப்பதும் ஒயிலில் கலந்திருக்கும் மருந்துகளின் வேலைதான். கறுக்காமலே இருக்கும் ஒயில்மீதுதான் இப்போது எனக்குச் சந்தேகம், அந்தக் கரி உள்ளே எங்கே படிகிறதோ என்று.

நிறத்தைவிட கியர் உண்மை பேசும். பைக்கில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஒயில். சூட்டில் ஒயில் தண்ணீராகிவிடாமல் பிடித்துவைக்க அதில் நீளச் சங்கிலிபோல ஒரு பொருள் சேர்ப்பார்கள், கியர் பற்கள் அதை அரைத்து அரைத்துத் துண்டாக்கிவிடும். என் பைக்கில் 1500 தாண்டினால் பஸ் ஸ்டாண்ட் சந்தியில் நியூட்ரல் தேடி காலால் தட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அதுவும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் கந்தளாயில் இருந்து சூடாக வந்து இறங்கினால் இன்னும் மோசம். போத்தலைச் சரித்தால் 2200 ஓடியது புது ஒயிலைவிட வேகமாகக் கண்ணாடியில் வழிகிறது.

சரி, ஓட ஓட மெலிந்துகொண்டே போகுமா என்றால் அதுவும் இல்லை. ஒருமுறை சோம்பேறித்தனத்தில் 3400 வரை விட்டேன். அந்தப் போத்தல் பாணி மாதிரி மெதுவாக இறங்குகிறது. சூட்டில் இலேசான பகுதி ஆவியாகிப் போக, மிச்சம் காற்றோடு சேர்ந்து தடித்து அமிலமாகிறது. வெப்பம் 10 பாகை கூடினால் இந்த வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. அந்த முறை வடித்த அளவும் ஊற்றியதைவிட நன்றாகக் குறைந்திருந்தது.

நான் ஏமாந்தது வாடைக்காலத்தில்தான். மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவர ஒன்றரைக் கிலோமீற்றர், காலையில் சோக் போட்டு ஸ்டார்ட், சூடாக முன்னரே நிறுத்தம். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் ஒயில் மட்டம் குறையவே இல்லை, கொஞ்சம் ஏறியும் இருந்தது. எஞ்சின் ஒயில் குடிக்கவில்லை என்று சந்தோஷப்பட்டேன். மூடியைக் கழற்றி மூக்கருகே பிடித்தபோதுதான் பெற்றோல் மணத்தது, மூடியின் உள்பக்கம் ஆடைபோல வெள்ளையாகப் படிந்திருந்தது. எரியாத பெற்றோலும் ஈரமும் சேர்ந்து மட்டத்தை ஏற்றியிருக்கின்றன. புல்மோட்டை வரை ஓட்டிவிட்டு வந்தேன், வெள்ளை போய்விட்டது, ஆனாலும் மனம் கேட்கவில்லை, மாற்றினேன். வெறும் 600 கிலோமீற்றர்தான் ஓடியிருந்தது. 2022இல் பெற்றோல் இல்லாமல் மாதக்கணக்கில் பைக் நின்றபோதும் இப்படித்தான், மீற்றர் ஓடவில்லை, ஒயிலுக்கு வயது போனது.

எந்த ஒயில் என்று கேட்பவர்களுக்கு: வெளிநாட்டு போத்தலும் ஊற்றியிருக்கிறேன், நம் சீனக்குடாவில் லங்கா ஐஓசி கலக்கும் சேர்வோவும் ஊற்றியிருக்கிறேன், கியரில் பெரிய பேதம் தெரியவில்லை. லேபிளில் ஜாசோ எம்ஏ (JASO MA), அதாவது ஒயிலில் ஊறும் பைக் கிளட்சுக்கு ஏற்றது என்ற தரக்குறி, இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கார் ஒயில் மலிவு என்று ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம்.

இப்போது எனக்கு 1800 அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அது. இந்தத் தடவை 1600 ஆகிவிட்டது, நியூட்ரல் இன்னும் முதல் தட்டிலேயே விழுகிறது. மழை தொடங்க முன் மாற்றிவிட வேண்டும், போத்தல்தான் இல்லை, ஜாம் இன்னும் பாதி இருக்கிறது.