பாகிஸ்தானின் தேர்தல் முடிவுச் சேவை: 45 சரி, 47-இல்தான் சிக்கல்

ஏற்பாடு நல்லதுதான். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் எண்ணி முடித்ததும் அந்தச் சாவடியின் வாக்குக் கணக்கான படிவம் 45-ஐ நிரப்பி, கையெழுத்திட்டு, வேட்பாளர்களின் முகவர்களுக்கு நகல் தர வேண்டும்; அதையே படமெடுத்துத் தேர்தல் ஆணையத்துக்கும் தொகுதி அதிகாரிக்கும் அனுப்ப வேண்டும். அதிகாரி எல்லாவற்றையும் கூட்டித் தொகுதியின் தற்காலிக முடிவான படிவம் 47-ஐ வெளியிடுவார். கெடு, இரவு 2 மணி.

2018 ஜூலை 25 தேர்தல் இரவு, முடிவுகளை அனுப்பும் ஆர்டிஎஸ் செயலி படுத்துவிட்டது. ராணுவம் இம்ரான் கானை ஜெயிக்க வைத்துவிட்டது என்றன எதிர்க்கட்சிகள். அதற்குப் பதில் அடுத்து வந்தது இஎம்எஸ் என்ற தேர்தல் மேலாண்மை மென்பொருள். 2024 தேர்தல் நாளான பிப்ரவரி 8 அன்று பாதுகாப்பைக் காரணம் காட்டி மொபைல் சேவையையே நிறுத்தினார்கள். சாவடியிலிருந்து படம் எப்படிப் போகும்? முடிவுகள் மறுநாளும் இழுத்தன. இம்முறை இம்ரான் சிறையில். 45-களின் கூட்டுத்தொகை 47-இல் இல்லை என்று அவர் கட்சி ராணுவத்தைக் கைகாட்டியது. ஆணையம் மறுத்தது.

படிவங்களை 14 நாளில் இணையத்தில் ஏற்றச் சொல்கிறது சட்டம், ஏறியதோ மார்ச்சில். இது மன்னிக்க முடியாத தாமதம்.

இந்தச் சேவையில் நம்பக்கூடியது முகவர் கையிலுள்ள நகல் மட்டுமே. அதைப் படிவம் 47-உடன் ஒப்பிடும்போது தொகுதியின் எல்லாச் சாவடிப் படிவங்களும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் கூட்டல் செல்லாது. கையெழுத்து, முத்திரை, அடித்துத் திருத்திய எண்களை முதலில் பாருங்கள்.