27 அங்குல 4கே திரையில் தமிழ் எழுத்து: மெய்ப்பு பார்ப்பவளின் நீண்டநாள் அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலிருந்தே நூல் வடிவமைப்பும் மெய்ப்பும் செய்கிறேன். வேலையில் பெரும்பகுதி புதுச்சேரியிலிருந்து வருகிறது. முழுக்கத் தமிழ் நூல்களும் உண்டு. தமிழும் பிரெஞ்சும் எதிரெதிர்ப் பக்கங்களில் வரும் நூல்களும் உண்டு. 24 அங்குல ஃபுல் எச்டி (1920 x 1080 பிக்சல்) மானிட்டரை விட்டு 27 அங்குல 4கே (3840 x 2160 பிக்சல்) மானிட்டருக்கு மாறிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. தமிழ் மெய்ப்பு பார்ப்பவர்களுக்கு இதைவிட உதவியான பொருள் மேசையில் வேறில்லை என்பது என் கருத்து. ஆனால் பிக்சல், அதாவது திரையின் நுண்புள்ளி, கூடியதால் மட்டும் எழுத்து படிக்க எளிதாகிவிடாது. அந்தப் பிக்சல்களை எதற்குச் செலவிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மானிட்டரை மாட்டிக் கொடுக்க வந்த தம்பி, நிறைய இடம் கிடைக்கட்டும் என்று ஸ்கேலை (எழுத்தையும் படத்தையும் எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்ட வேண்டும் என்ற அமைப்பை) 100 சதவீதத்தில் வைத்துவிட்டுப் போனார். அப்போது என்னிடம் வேலை பழகிக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்துவிட்டு, “எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்குக்கா. பழைய மானிட்டரையே போட்டுக்கலாமா?” என்றாள். அவள் சொன்னதில் மிகை இல்லை. பழைய திரையில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 பிக்சல், புதியதில் 163. அதே எழுத்தை அதே எண்ணிக்கைப் பிக்சலில் வரைந்தால், அதன் உயரம் முன்பிருந்ததில் பாதியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் பலரும் டிஸ்ப்ளே ரெசல்யூஷனையே குறைத்துவிடுகிறார்கள். புதுச்சேரியில் நான் போய்வரும் அச்சகங்களில் 4கே திரையை 2560 x 1440-இல் ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். எழுத்து பெரிதாகும், உண்மை. ஆனால் ஒரு பிக்சலை ஒன்றரைப் பிக்சலாக நீட்ட வழியில்லை. திரை பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து ஒப்பேற்றும், விளிம்பு மழுங்கும். 1920 x 1080 கணக்குக்குச் சரியாக இரண்டு மடங்கு என்றாலும், பல திரைகள் அங்கேயும் மென்மையாக்கித்தான் காட்டுகின்றன. அப்படியே கூர்மையாகக் காட்டினாலும், எழுத்தின் வடிவம் ஃபுல் எச்டியில் இருந்த அளவுக்குத்தான் வரும். பிறகு எதற்கு 4கே? ரெசல்யூஷனை 3840 x 2160-இலேயே விட்டுவிட்டு ஸ்கேலைக் கூட்டுவதுதான் சரி.

விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே என்று போனால் ஸ்கேல் இருக்கிறது. 150 சதவீதத்தில் வைத்தால் 2560 x 1440 திரைக்குரிய இடம் கிடைக்கும். 200-இல் ஃபுல் எச்டிக்குரிய இடம். நான் நிலைத்தது 175-இல். 92-ஐ 1.75-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 161 வருகிறது. அதாவது பழைய திரையில் எழுத்து எந்த அளவில் தெரிந்ததோ, அநேகமாக அதே அளவில் இங்கும் தெரிகிறது. ஆனால் முன்பு 12 பிக்சலில் வரைந்த எழுத்தை இப்போது 21 பிக்சலில் வரைகிறது. கண்ணுக்கு அளவு பழகியது, வடிவம்தான் புதியது. ஆங்கிலம் மட்டும் படிக்கிற நாள்களில் 150 எனக்குப் போதும், தமிழுக்குப் போதாது.

ஏன் போதாது என்றால், தமிழில் பொருளைச் சுமப்பவை பெரும்பாலும் சிறு சுழிகளும் புள்ளிகளும்தான். ‘கி’யையும் ‘கீ’யையும் பிரிப்பது மேல்விலங்கின் முனையில் உள்ள சுழி. ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் இடையில் ஒரு சுழி கூடுதல். சிறிய அளவில், பழைய திரையில், ‘ண’வின் மூன்று சுழிகளும் ஒரே கறுப்புத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். அங்கே ‘மனம்’ இருக்கிறதா ‘மணம்’ இருக்கிறதா என்று வாக்கியத்தைப் படித்துத்தான் ஊகிக்க முடியும். மெய்ப்பு பார்ப்பவர் ஊகிக்க ஆரம்பித்தால் பிழை தப்பிவிடும், ஏனென்றால் மனம் சரியான சொல்லைத்தான் எப்போதும் ஊகித்துத் தரும். ஒற்றெழுத்தின் புள்ளியும் அப்படித்தான். ‘இந்தப் புத்தகம்’ என்பதில் ‘ப்’ தன் புள்ளியோடு இருக்கிறதா என்பதை இப்போது பெரிதாக்கிப் பார்க்காமலே சொல்ல முடிகிறது. பிரெஞ்சுப் பக்கங்களில் உயிரெழுத்தின் தலைக்கு மேல் வரும் கோடு இடப்பக்கம் சாய்கிறதா வலப்பக்கம் சாய்கிறதா என்பதும் அப்படியே தெரிகிறது. அச்சுக்குப் போகும் முன் தாளில் எடுத்துப் பார்க்கிற வழக்கத்தை நான் விடவில்லை. ஆனால் அந்தத் தாளில் சிவப்பு மையின் வேலை வெகுவாகக் குறைந்துவிட்டது.

எந்தத் திரையாலும் தீராத ஒன்றும் இருக்கிறது. ‘ஔவை’ என்று ஒரே எழுத்தாகத் தட்ட வேண்டிய இடத்தில் ‘ஒ’வையும் ‘ள’வையும் தனித்தனியாகத் தட்டியிருப்பார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதற்குக் கண்ணை நம்பாமல் தேடி மாற்றுவதே வழி.

எழுத்துருத் தேர்வும் முக்கியம். விண்டோஸ் 8-இலிருந்து நிர்மலா யூஐ வருகிறது, மெனுக்களுக்கு நன்று. நீண்ட நேரம் படிக்க நான் நோட்டோ செரிஃப் தமிழை வைத்துக்கொள்கிறேன். மெல்லிய கோட்டு எழுத்துருக்கள் 4கேயில் அழகாகத் தெரியும், ஆனால் சாயங்காலம் ஆனதும் அவற்றின் கோடுகள் வெள்ளைப் பின்னணியில் கரைந்துவிடுகின்றன. அக்சஸிபிலிட்டி பகுதியில் எழுத்தை மட்டும் 225 சதவீதம் வரை பெரிதாக்கும் வசதி உண்டு. அதை அதிகம் கூட்டினால் சில நிரல்களில் பொத்தான்கள் பழைய உயரத்திலேயே நின்று, தமிழின் மேல்சுழியும் ‘து’, ‘ஞூ’ போன்றவற்றின் கீழ்ப்பகுதியும் வெட்டுப்படுகின்றன. நான் அதைச் சிறிதளவே கூட்டியிருக்கிறேன்.

அளவெல்லாம் சரியான பிறகும் ஒரு தொல்லை நீடித்தது. பிடிஎஃப்பில் நான் போடும் சிவப்புத் திருத்தங்கள் கசிந்த மை போலத் தெரிந்தன. கறுப்பு எழுத்து மட்டும் தெளிவாக இருந்தது. காரணம் கேபிள் வழியாக வந்த நிறத் தகவல். எச்டிஎம்ஐ 1.4 இணைப்பில் 4கே படம் நொடிக்கு 30 முறைதான் முழு நிறத்தோடு போகும். 60 வேண்டுமென்றால் சில கிராஃபிக்ஸ் கார்டுகள் 4:2:0 என்ற முறையில் நிறத் தகவலைச் சுருக்கி அனுப்புகின்றன. வெளிச்சம் பிக்சலுக்குப் பிக்சல் வரும், நிறம் நான்கு பிக்சலுக்கு ஒன்றாக வரும். திரைப்படம் பார்க்க இது போதும், சிவப்பு எழுத்து மட்டும் சிதையும். டிஸ்ப்ளேபோர்ட் என்ற வேறு வகைக் கேபிளுக்கு மாற்றி, கிராஃபிக்ஸ் செட்டிங்கில் முழு ஆர்ஜிபி என்று வைத்ததும் சரியாகிவிட்டது. புதிதாக 4கே வாங்குபவர்கள் வெள்ளைப் பக்கத்தில் சிவப்பிலும் நீலத்திலும் சிறிய எழுத்தில் ஒரு வரி அடித்துப் பார்த்துவிடுங்கள்.

பழைய நிரல்கள் தனிக் கதை. 2001-இல் வந்த பக்க வடிவமைப்பு நிரலான பேஜ்மேக்கர் 7.0-இல் செய்த கோப்புகள் இன்றும் என்னிடம் திருத்தத்துக்கு வருகின்றன. அது ஸ்கேலிங் அறியாத நிரல். விண்டோஸ் அதன் சாளரத்தை அப்படியே இழுத்துப் பெரிதாக்குவதால் மங்கலாகத் தெரியும். நிரலின் ப்ராபர்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பகுதிக்குப் போய், ஹை டிபிஐ அமைப்பில் ‘சிஸ்டம் என்ஹான்ஸ்டு’ என்பதைத் தேர்ந்தேன். மெனு எழுத்துகள் தெளிந்தன. ஐகான்கள் மட்டும் இழுபட்டே நிற்கின்றன. அதோடு வேலை செய்ய முடிகிறது. ‘அப்ளிகேஷன்’ என்பதைத் தேர்ந்தால் எல்லாம் கூர்மையாகும், ஆனால் கருவிப்பட்டி பயன்படுத்த முடியாத அளவுக்குச் சிறுத்துவிடும். இப்போது பக்க வடிவமைப்புக்குப் பயன்படும் இன்டிசைனில் இந்தச் சிக்கல் எனக்கு வரவில்லை.

உலாவியில் ஃபயர்ஃபாக்ஸுக்கு என் ஓட்டு. எழுத்துரு அமைப்பில் தமிழுக்கென்று தனியாகக் குறைந்தபட்ச அளவு வைக்க அது இடம் தருகிறது. ஆங்கிலத்துக்குத் தகுந்த அளவில் தமிழையும் போட்டுவிடும் செய்தித் தளங்களைப் படிக்க இது பேருதவி.

கடலூரில் வாழ்பவர்களுக்கு ஒன்று: மின்சாரம் போய் வரும்போது, டிஸ்ப்ளேபோர்ட்டில் மானிட்டர் அணைவதைக் கேபிளைப் பிடுங்கியதாகவே விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். திறந்திருக்கும் பக்கங்களெல்லாம் மடிக்கணினித் திரைக்குத் தாவி, வேறு ஸ்கேலில் போய் நிற்கும். விண்டோஸ் 11-இல் சாளரங்கள் இருந்த இடத்தை நினைவில் வைக்கும் வசதி டிஸ்ப்ளே செட்டிங்கிலேயே இருக்கிறது. அதை இயக்கி வையுங்கள். மானிட்டருக்கும் யூபிஎஸ் இணைப்பு கொடுத்த பிறகு எனக்கு அந்த அலைச்சலும் நின்றது. காலை வெயில் கிழக்கு ஜன்னல் வழியாக நேரே அடிக்கும் என்பதால், ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி மேசையைத் திருப்பிவிட்டேன்.

வெள்ளெழுத்து வந்தவர்கள் ஸ்கேலை மட்டும் கூட்டிக்கொண்டே போகாமல் கண்ணாடியையும் கவனிக்க வேண்டும். படிக்கும் கண்ணாடி கையில் பிடிக்கும் புத்தகத்தின் தூரத்துக்கு உரியது; திரை அதைவிடத் தள்ளி, ஒரு கை நீளத்தில் இருக்கிறது. பைஃபோகல் போட்டிருந்தால் கீழ்ப்பாதி வழியாகப் பார்க்க முகவாயைத் தூக்கி, கழுத்து வலியோடு எழுவோம். நாற்காலியிலிருந்து திரை வரை டேப்பால் அளந்து, அந்தத் தூரத்தைத் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையில் சொல்லி, திரைக்கென்றே தனிக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். கழுத்து வலி விட்டது.

எல்லாருக்கும் 4கே தேவை என்று சொல்ல மாட்டேன். டேலியில் கணக்கும் கடிதங்களும் மட்டும் என்றால் 27 அங்குலத்தில் 2560 x 1440 தாராளம். 125 சதவீத ஸ்கேலில் வசதியாகப் படிக்கலாம், பழைய நிரல்களின் தொல்லையும் குறைவு. நாளெல்லாம் தமிழ் எழுத்தைப் பார்த்துச் சம்பாதிப்பவர்கள் 4கேவுக்குப் பணம் போடலாம். கடைக்குப் போகும்போது ஒற்று நிறைந்த தமிழ்ப் பத்தி ஒன்றைச் சிறிய அளவில் பிடிஎஃப்பாக்கிப் பென் டிரைவில் எடுத்துப் போங்கள். கடையில் ஓடும் கடலும் மலையும் நிறைந்த வீடியோவை நிறுத்தச் சொல்லி, அதைத் திறந்து பாருங்கள்.